அத்தை வீட்டு ஆடும் ஆர்க்டிக் மானும்: ஒரு வயிற்றின் வரலாறு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை ஒரு ஆட்டுலேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

எனக்கு அப்போ பதினொரு வயசு இருக்கும். ராஜபாளையத்துல அத்தை வீட்டுல ஒரு கல்யாணம். பந்தி முடிஞ்சு ஒரு அண்டா சோறு மிஞ்சிடுச்சு. கொட்ட மனசு வராம, அத்தை அதை எடுத்துட்டு வந்து கொல்லைப்பக்கம் கட்டியிருந்த வெள்ளாட்டுக்கு வெச்சாங்க. ஆடு ஆசை ஆசையா தின்னுச்சு. நாங்க பிள்ளைங்க எல்லாம் சுத்தி நின்னு வேடிக்கை பார்த்தோம். "பாவம், அதுக்கும் கல்யாணச் சாப்பாடு"ன்னு ஒரு சந்தோஷம்.

மறுநாள் காலையில ஆடு எழுந்திரிக்கல. இடது பக்கம் வயிறு உப்பி, பல்லை நறநறன்னு கடிச்சுக்கிட்டு, கண்ணு உள்ள போய் படுத்துக் கிடந்துச்சு. கால்நடை டாக்டர் வந்தவுடனே கேட்ட முதல் கேள்வி: "அம்மா, சோறு போட்டீங்களா?" அத்தை, "ஆமா சார், நல்ல சோறுதான் சார், கெட்டுப்போனது எல்லாம் இல்ல"ன்னாங்க. அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஊசி போட்டார், ஆப்ப சோடாவைத் தண்ணியில கரைச்சு ஊத்தினார். சாயங்காலம் ஆடு செத்துப்போச்சு.

கிளம்பும்போது அவர் சொன்னது எனக்கு அப்போ புரியல: "ஆட்டுக்கு நீங்க சோறு போடலம்மா. அது வயித்துக்குள்ள இருக்கிற பூச்சிங்களுக்குப் போட்டீங்க. தப்பான பூச்சிங்களுக்குப் போட்டுட்டீங்க."

இந்த எபிசோட் அந்த ஒரு வாக்கியத்தைப் புரிஞ்சுக்கத்தான். பாரிஸ், கேம்பிரிட்ஜ், ஆர்க்டிக் தீவுன்னு சுத்திட்டு, மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்துக்கே வந்து சேருவோம்.

துண்டு மாதிரி ஒரு பை

குடல் குழம்பு சாப்பிடறவங்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அதுல டவல் மாதிரி சொரசொரன்னு ஒரு பகுதி வரும். அதுதான் ஆட்டோட முதல் வயிறு. அறிவியல்ல ரூமென்னு சொல்லுவாங்க. அசைபோடற விலங்குகளுக்கு, அதாவது மாடு, எருமை, ஆடு, மான், வரையாடு, காட்டெருமை எல்லாத்துக்கும் இது உண்டு. வளர்ந்த மாட்டோட ரூமென் 100 லிட்டருக்கு மேல கொள்ளும். மாட்டு உடம்போட இடது பக்கத்துல பெரும்பகுதியை அதுதான் அடைச்சுக்கிட்டு இருக்கு.

புல்லுல அதிகமா இருக்கிறது செல்லுலோஸ். அதை உடைக்கிற நொதி மாட்டோட உடம்புல கிடையாது. நம்ம உடம்புலயும் கிடையாது. அப்படின்னா புல்லைத் தின்னு மாடு எப்படி வாழுது? உண்மையில மாடு புல்லைச் செரிக்கிறதே இல்லை. அதுக்குள்ள இருக்கிற நுண்ணுயிர்கள்தான் செரிக்குது.

ரூமென்ல இருக்கிற திரவத்துல ஒரே ஒரு மில்லிலிட்டரை எடுத்தா, அதுல சுமார் 1,000 கோடி பாக்டீரியா இருக்கும். அதைத் தவிர லட்சக்கணக்கான ஒற்றைச்செல் உயிரிகள், பூஞ்சைகள், மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியா. உள்ள ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை, சூடு சுமார் 39 டிகிரி, எப்பவும் கும்மிருட்டு. மாடு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல எச்சில் சுரந்து அந்தக் குளத்துக்கு அனுப்பும். அந்த எச்சில் காரத்தன்மை உள்ளது, உள்ளே உண்டாகிற அமிலத்தைச் சரிக்கட்டும்.

நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்க வெச்சு சின்னச் சின்ன கொழுப்பு அமிலங்களை வெளியே விடும். நம்ம வீட்டு வினிகர்ல இருக்கிற அசிட்டிக் அமிலம் அதுல முக்கியமான ஒண்ணு. மாட்டுக்கு அதுதான் சாப்பாடு. அப்புறம் அந்த நுண்ணுயிர்களே அடுத்த வயிறுகளுக்குப் போய்ச் செரிமானமாகி மாட்டுக்குப் புரதமாகிடும்.

இப்போ ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை நினைச்சுப் பாருங்க. 2019இல் புவிசார் குறியீடு வாங்கின பண்டம். அதுல சேர்றது பாலும் சர்க்கரையும்தான். பால்ல இருக்கிற கொழுப்புல கிட்டத்தட்ட பாதியை மாட்டோட மடி எதுலேர்ந்து தயாரிக்குது தெரியுமா? நுண்ணுயிர்கள் குடுத்த அந்த அமிலங்கள்லேர்ந்துதான். பால்ல இருக்கிற புரதத்துக்கும் பெரும்பங்கு மூலப்பொருள் நுண்ணுயிரோட உடம்புதான். கடையில கிளறுற அடுப்புக்கு முன்னாடியே இன்னொரு அடுப்பு எரிஞ்சிருக்கு, மாட்டு வயித்துக்குள்ள.

முதலில் பார்த்தவர்கள்

இதை மனுஷன் எப்போ கண்டுபிடிச்சான்? அசைபோடுறதை எல்லாக் காலத்துலயும் பார்த்திருக்கான். ஸ்ரீவில்லிபுத்தூர்ல பிறந்த ஆண்டாளோட திருப்பாவையிலயே விடியறதுக்கு முன்னாடி எருமைகளைப் பனிப்புல் மேய அவிழ்த்துவிடற காட்சி வருது. மேய்க்கிறவங்களோட தினசரியை அவ்வளவு நெருக்கமா பார்த்த பாட்டு அது. ஆனா வயித்துக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்க்க நுண்ணோக்கி வர வேண்டியிருந்தது.

1843இல் பாரிஸ்ல டேவிட் க்ரூபி, ஓனெஸிம் டெலஃபோன்னு ரெண்டு பேர். க்ரூபி ஹங்கேரியிலேர்ந்து வந்த டாக்டர், தலையில வர்ற படைக்குக் காரணம் ஒரு பூஞ்சைன்னு நுண்ணோக்கியில காட்டினவர். டெலஃபோன் கால்நடை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். இவங்க அசைபோடும் விலங்குகளோட வயித்துத் திரவத்தை எடுத்துப் பார்த்தா, உள்ளே குட்டிக் குட்டியா உயிரிகள் நீந்திக்கிட்டு இருக்கு. சுத்தி மெல்லிய முடி, வேகமான ஓட்டம். இது நோயா, துணையா? அன்னைக்கு யாருக்கும் தெரியல.

அடுத்த 100 வருஷம் மெதுவா நகர்ந்துச்சு. 1880கள்ல ஜெர்மனியில, புல்லோட செல்லுலோஸ் வயித்துக்குள்ள நொதிக்குதுன்னு சோதனை செஞ்சு காட்டினாங்க. 1940கள்ல, உலகப்போர் நடந்துக்கிட்டு இருக்கும்போதே, கேம்பிரிட்ஜ்ல ஜோசஃப் பார்க்ராஃப்டோட குழு, அந்த அமிலங்கள் ரூமென் சுவர் வழியாகவே நேரடியா ரத்தத்துக்குள்ள போகுதுன்னு நிரூபிச்சது. அதுவரைக்கும் அந்தப் பை ஒரு ஊறல் தொட்டின்னுதான் நினைச்சிருந்தாங்க. உண்மையில அது உறிஞ்சிக்கவும் செய்யுது.

ஆனா ஒரு பெரிய தடை இருந்தது. இந்த பாக்டீரியாக்கள்ல பலதுக்கு ஆக்சிஜன் விஷம். வெளியே எடுத்தா செத்துடும். செத்ததை வெச்சு என்ன ஆராய்ச்சி பண்ண? இதை உடைச்சவர் ராபர்ட் ஹங்கேட்னு ஒரு அமெரிக்கர். அவர் ஆரம்பிச்சது மாட்டுல இல்லை, கரையான்ல. கரையான் மரத்தைத் தின்னுட்டு எப்படி வாழுதுன்னு பார்த்துக்கிட்டு இருந்தவர், அதே கேள்வியை மாட்டுக்கிட்ட கொண்டுபோனார். கண்ணாடிக் குழாயில கார்பன் டை ஆக்சைடு நிரப்பி, ஆக்சிஜனை முழுசா விரட்டிட்டு, உள்ளே ஊடகத்தை ஊத்தி உருட்டி சுவர்ல மெல்லிசா படிய வெச்சார். அதுல பாக்டீரியா உயிரோட வளர்ந்துச்சு. 1966இல் அவர் எழுதின ரூமென் பற்றிய புத்தகம் இந்தத் துறைக்கே அடித்தளம் ஆச்சு.

பூஞ்சைன்னு யாரும் நம்பாத பூஞ்சை

அடுத்து வர்றவர் எனக்குப் பிடிச்ச ஆளு. காலின் ஆர்ப்பின், இங்கிலாந்துக்காரர். ரூமென் திரவத்துல வால் மாதிரி இழைகளோட நீந்துற சின்ன உயிரிகளை ரொம்ப நாளா எல்லாரும் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. ஒற்றைச்செல் உயிரின்னு வகைப்படுத்தி வெச்சிருந்தாங்க. ஆர்ப்பின் ஒரு விஷயத்தைக் கவனிச்சார். ஆடு தின்னவுடனே இதுங்க எண்ணிக்கை திடீர்னு ஏறுது. அப்புறம் குறையுது. எங்கேர்ந்து வருது, எங்கே போகுது?

1975இல் பதில் சொன்னார். இது தனி உயிரி இல்லை, ஒரு பூஞ்சையோட விதைகள். தீவனம் வந்தவுடனே பூஞ்சை விதைகளை விடுது, அதுங்க நீந்திப் போய் புதுப் புல்லுல ஒட்டிக்கிட்டு வேர் விடுது. பூஞ்சைன்னா ஆக்சிஜன் இல்லாம வாழவே முடியாதுன்னு பாடப்புத்தகம் சொன்ன காலம் அது. அதனால நம்ப வைக்கவே வருஷங்கள் ஆச்சு. இன்னைக்கு நமக்குத் தெரியும்: கடினமான, மரத்துப்போன தண்டை உள்ளேர்ந்து பிளந்து குடுக்கிறதுல இந்தப் பூஞ்சைதான் கில்லாடி.

இந்த ஆர்ப்பின் 1980கள்ல நார்வே விஞ்ஞானிகளோட சேர்ந்து ஆராய்ச்சி பண்ண ஒரு இடத்துக்கு இப்போ போகலாம். ஸ்வால்பார்ட். வட துருவத்துக்கு ரொம்ப பக்கத்துல இருக்கிற தீவுக்கூட்டம்.

நாலு மாசம் சூரியனே இல்லாத மேய்ச்சல்

ஸ்வால்பார்ட்ல ஒரு வகை கலைமான் இருக்கு. குட்டைக்காலும் குண்டு உடம்புமா இருக்கும். வேட்டையாடி கிட்டத்தட்ட அழிச்சிட்டாங்க. 1925இல் நார்வே அரசு வேட்டைக்குத் தடை போட்டபிறகுதான் மறுபடி பெருகுச்சு. அங்கே குளிர்காலத்துல சூரியன் மாசக்கணக்கா எட்டிப்பார்க்காது. தரையெல்லாம் பனி. அதைக் காலால தோண்டிக் காய்ஞ்ச தண்டையும் பாசியையும் தின்னு மான் காலம் தள்ளும்.

ஆர்ப்பின், ஸ்வேன் மாத்தீஸன் குழு 1985இல் வெளியிட்ட ஆய்வு, கோடையிலயும் குளிர்காலத்துலயும் அதே மான் கூட்டத்தோட ரூமென் திரவத்தை எண்ணிப் பார்த்தது. குளிர்காலத்துல பாக்டீரியா எண்ணிக்கை பெருசா விழுந்துடுது. இனங்களோட விகிதமும் மாறுது. வெளியே பருவம் மாறும்போது வயித்துக்குள்ளயும் பருவம் மாறுது. கோடையில இளந்தளிருக்கு ஒரு படை, குளிர்காலத்துல சருகுக்கு ஒரு படை.

இன்னும் சுவாரசியமான கதை லைக்கன். நார்வே நிலப்பரப்புல மேயற கலைமான்கள் குளிர்காலத்துல அதிகமா தின்றது இதைத்தான். லைக்கன்னா என்னன்னு கேக்கறீங்களா? உங்க வீட்டு பிரியாணி மசாலா டப்பாவைத் திறங்க. கல்பாசின்னு கறுப்பா சுருண்டு கிடக்கும் பாருங்க, அது ஒரு வகை லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழற உயிர். நாம வாசனைக்கு ரெண்டு சுருள் போடறோம், கலைமான் வயிறு முட்டத் தின்னுது. ஆனா பல லைக்கன்கள்ல உஸ்னிக் அமிலம்னு ஒரு விஷப்பொருள் இருக்கு. பாக்டீரியாவையே கொல்லக்கூடியது.

மான் எப்படித் தப்பிக்குது? 2008இல் மோனிக்கா சுண்ட்செட் குழு, கலைமான் ரூமென்லேர்ந்து ஒரு புது பாக்டீரியாவைப் பிரிச்செடுத்தது. உஸ்னிக் அமிலத்துக்கு அசையாதது. அதுக்கு யூபாக்டீரியம் ரேஞ்சிஃபெரினான்னு பேர் வெச்சாங்க. ரேஞ்சிஃபெர்ங்கறது கலைமானோட அறிவியல் பேர்.

இதுக்கு எதிர்ப்பக்கம் 2004 குளிர்காலத்துல அமெரிக்காவோட வயோமிங்ல நடந்தது. எல்க் மான்கள் 300க்கும் மேல தரையில படுத்து எழுந்திரிக்க முடியாம செத்துப்போச்சு. தரையில வளர்ற ஒரு லைக்கனைத் தின்னதுதான் காரணம்னு விசாரணையில தெரிஞ்சது. இதுவும் மான் குடும்பம்தான், இதுக்கும் நாலு அறை வயிறுதான். ஆனா அந்தச் சாப்பாட்டுக்குப் பழகின வயிறு இல்லை.

எங்க அத்தை வீட்டு ஆட்டுக்கும் நடந்தது வேற விஷயத்துல இதே கதைதான்.

சோறு ஏன் கொன்னுச்சு

அரிசிச் சோறுன்னா மாவுச்சத்து. செல்லுலோஸ் மாதிரி மெதுவா உடையறது இல்லை, சட்டுனு கரையும். இலையும் தழையும் தின்னு பழகின ஆட்டுக்குத் திடீர்னு ஒரு குத்துச் சட்டி சோறு போனா, மாவுச்சத்தைத் தின்கிற பாக்டீரியாக்கள் மணிக்கணக்குல பெருகும். அதுங்க லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். தயிர் புளிக்கிற அதே அமிலம். ரூமென் புளிச்சுப்போகும். நார் செரிக்கிற பாக்டீரியாக்களுக்குப் புளிப்பு ஆகாது, செத்துடும். அசைபோடறது நின்னா எச்சில் குறையும், எச்சில் குறைஞ்சா அமிலம் இன்னும் ஏறும். ரத்தத்துலேர்ந்து தண்ணி ரூமென்னுக்குள்ள இழுக்கப்படும். அதனாலதான் கண்ணு உள்ள போனது. கடைசியில ரத்தமே அமிலமாகி உயிர் போயிடும்.

டாக்டர் ஆப்ப சோடா ஊத்தினது அந்தப் புளிப்பை முறிக்கத்தான். சில சமயம் இன்னொரு வைத்தியமும் செய்வாங்க. நல்லா இருக்கிற மாட்டோட ரூமென் திரவத்தை எடுத்து, சீக்கு மாட்டுக்குக் குடுப்பாங்க. செத்துப்போன படைக்குப் பதிலா புதுப் படை. 18ஆம் நூற்றாண்டுலயே சுவீடன் கிராமத்துக்காரங்க, அசைபோடற மாட்டு வாயிலேர்ந்து இரையை எடுத்து சீக்கு மாட்டுக்கு ஊட்டியிருக்காங்க. க்ரூபி நுண்ணோக்கியில பார்க்கறதுக்கு முன்னாடியே! ஏன்னு தெரியாம, என்னன்னு தெரிஞ்சிருக்கு.

இந்த முறையை வெச்சு ஒரு பெரிய பிரச்சனையே தீர்ந்தது. நம்ம ஊர்ல வேலியோரம் பார்க்கிற சவுண்டல் மரம், சுபாபுல்னும் சொல்லுவாங்க. மத்திய அமெரிக்காவிலேர்ந்து வந்த மரம், நல்ல புரதம் உள்ள தழை. ஆனா அதுல மிமோசின்னு ஒரு நச்சு இருக்கு. ஆஸ்திரேலியாவுல இதை அதிகமா தின்ன மாடுகளுக்கு முடி கொட்டுச்சு, கழுத்துல தைராய்டு வீங்குச்சு. ஆனா ஹவாய் தீவுல ஆடுகள் இதையே தின்னுட்டு ஜம்முனு இருந்துச்சு. ரேமண்ட் ஜோன்ஸ்னு ஒரு ஆஸ்திரேலிய விஞ்ஞானிக்கு சந்தேகம் வந்தது: வித்தியாசம் ஆட்டுல இல்லை, ஆட்டுக்குள்ள இருக்கிற ஏதோ ஒண்ணுல. 1980கள்ல ஹவாய் ஆட்டோட ரூமென் நுண்ணுயிர்களைக் கொண்டுவந்து ஆஸ்திரேலிய மாடுகளுக்குக் குடுத்தாங்க. நச்சு முறிஞ்சது. அந்த பாக்டீரியாவுக்கு 1992இல் அவர் பேரையே வெச்சாங்க, சினெர்ஜிஸ்டீஸ் ஜோன்சியை.

இதுலேர்ந்து நாம எடுத்துக்க வேண்டியது ஒண்ணு. கன்னுக்குட்டி பிறக்கும்போது அதுக்கு வேலை செய்யற ரூமென்னே கிடையாது. தாய் நக்கறதுலேர்ந்து, கூட்டத்தோட எச்சில்லேர்ந்து, சாணி பட்ட புல்லுலேர்ந்து, மண்ணுலேர்ந்துதான் நுண்ணுயிர் வந்து சேரும். பட்டா நிலம் மாதிரி இதுவும் பரம்பரைச் சொத்து. அந்தக் கூட்டம் எந்த நிலத்துல என்ன தின்னு வாழ்ந்துச்சோ, அதோட பதிவு அந்த வயித்துல இருக்கு.

இனி செண்பகத்தோப்புக்கு வருவோம்

ஸ்ரீவில்லிபுத்தூர்லேர்ந்து மேற்கே பார்த்தா மலை. செண்பகத்தோப்பு, அந்தப் பக்கம் ராஜபாளையத்து அய்யனார் கோவில், இன்னும் தெற்கே தேவதானம், சேத்தூர். இந்த அடிவாரத்துல தலைமுறை தலைமுறையா ஒரு மாடு இருக்கு. மலைமாடு. விருதுநகர், தேனி மாவட்ட அடிவாரங்கள்ல கூட்டம் கூட்டமா வளர்ப்பாங்க. பாலுக்காக இல்லை. பால் ரொம்பக் கொஞ்சம், அதுவும் கன்னுக்கே சரியாப்போகும். இதோட முக்கிய விளைச்சல் சாணம். பகல்ல மலையில மேய்ச்சு, ராத்திரி பட்டியில அடைச்சு, அந்த எருவை விப்பாங்க. அறுவடை முடிஞ்ச வயல்ல கிடை போடறதும் உண்டு. வயல்காரர் அதுக்குக் காசோ நெல்லோ குடுப்பார். மதுரையில இருக்கிற சேவா அமைப்பு இந்த மாட்டையும் மேய்க்கிறவங்களையும் பத்தி வருஷக்கணக்கா ஆவணப்படுத்தி வந்திருக்கு.

இப்போ ரூமென் கண்ணோட யோசிச்சுப் பாருங்க. மலைமாடு காலையில போய் நூறு வகைப் புல்லு, கொடி, தழை, உதிர்ந்த காய்னு தின்னுது. கசப்பும் துவர்ப்பும் உள்ள தழைகள் நிறைய. துவர்ப்புன்னா டானின். அதையெல்லாம் சமாளிச்சு, காஞ்ச கோடையில முரட்டுப் புல்லையும் உடைச்சு, கடைசியில எருவா வயலுக்கு இறக்குது. மலையோட சத்து நுண்ணுயிர் வழியா நெல்லுக்கு வருது. அந்த எருவை வாங்கற விவசாயி காசு குடுக்கிறது இந்த நுண்ணுயிர் வேலைக்குத்தான்.

ஆனா அந்த மலைக்கு வேற சொந்தக்காரங்களும் இருக்காங்க. மேலே புல்வெளியில வரையாடு. சங்க இலக்கியம் வருடைன்னு சொல்ற விலங்கு, தமிழ்நாட்டு மாநில விலங்கு. இதுவும் அசைபோடற விலங்குதான். வழுக்குப்பாறையில நின்னு புல்லைக் கடிச்சிட்டு, நிழல்ல படுத்து அசைபோடும். வேட்டையாலயும், புல்வெளியை அழிச்சுத் தோட்டமும் அந்நிய மரங்களும் வெச்சதாலயும் அதோட இடம் சுருங்கிப்போச்சு. 1975இல் ஈ.ஆர்.சி. டேவிதார் மலை மலையா ஏறி வரையாட்டைக் கணக்கெடுத்தார். அவர் நினைவா இப்போ அக்டோபர் 7 வரையாடு தினம். தமிழக அரசு 2023இல் வரையாட்டுக்குன்னே ஒரு திட்டம் தொடங்குச்சு. 2024 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 1,031, 2025இல் 1,303.

1988இல் இந்த மலை நரை அணில் சரணாலயம் ஆச்சு, சுமார் 485 சதுர கிலோமீட்டர். 2021 பிப்ரவரியில மேகமலையோட சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். 1,000 சதுர கிலோமீட்டருக்கு மேல. வைகைக்குத் தண்ணி பிறக்கிற மலை இது.

யார் புல்லு இது?

இந்தச் சண்டை புதுசு இல்லை. 1882 சென்னை வனச் சட்டம் வந்தப்பவே, அதுவரைக்கும் ஊர்க்காரங்க மேய்ச்ச காடு அரசுக் காடா மாறுச்சு. மாட்டுக்குத் தலைக்கு இவ்வளவுன்னு கட்டணம், கையில அனுமதிச் சீட்டு. ஆட்டுக்கு இன்னும் கெடுபிடி. சுதந்திரத்துக்கு அப்புறமும் சீட்டு முறை தொடர்ந்தது. 2006 வன உரிமைச் சட்டம் முதல்முறையா மேய்ச்சலை ஒரு சமூக உரிமையா ஏத்துக்கிட்டது. இடம்பெயர்ந்து மேய்க்கிறவங்களையும் சேர்த்து.

2022 மார்ச்ல சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள்ல மாடு மேய்க்கத் தடை விதிச்சது. ரெண்டு வாரத்துக்குள்ள அதைத் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகத்துக்கு மட்டும்னு சுருக்கினாங்க. தமிழ்நாட்டுல மத்த பல இடங்களுக்கு அது நிம்மதி. ஸ்ரீவில்லிபுத்தூர் அடிவாரத்துக்கு? அந்த மலை சரணாலயமாவும் இருக்கு, புலிகள் காப்பகமாவும் இருக்கு.

காட்டுப் பக்கம் நிக்கறவங்க சொல்றதுல நியாயம் இருக்கு. வீட்டு மாட்டுலேர்ந்து காட்டு விலங்குக்கு நோய் போகும். கோமாரி போகும். வெக்கை நோய் இருந்த காலத்துல, 1968இல் முதுமலையில காட்டெருமைகள் கூட்டம் கூட்டமா செத்துப்போச்சு. வெக்கை நோயை 2011இல் உலகத்தைவிட்டே ஒழிச்சாச்சு, ஆனா பாடம் மிச்சம். ஒரே புல்லுக்கு ரெண்டு வாய்னா, கூட்டம் பெருசா இருக்கிற வாய்தான் ஜெயிக்கும். நுண்ணுயிரைப் பகிர்ந்துக்கற அதே வழியிலதான் கிருமியும் பகிரப்படுது.

மேய்க்கிறவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. இந்த மாட்டைத் தொழுவத்துல கட்டி வைக்கோலும் தவிடும் போட்டு வளர்க்க முடியாது. கட்டுப்படியாகாது, அதுக்குப் பால் வருமானமும் கிடையாது. மேய்ச்சல் நின்னா மாட்டை வித்துடுவாங்க. கூட்டம் கலைஞ்சா, தாய்கிட்டேர்ந்து கன்னுக்குக் கைமாறி வந்த அந்தச் சொத்தும் அங்கேயே நின்னுடும். ஹவாய் ஆட்டோட வயித்துல என்ன இருந்ததுன்னு ஜோன்ஸ் போய்ப் பார்க்கிற வரைக்கும் அதோட மதிப்பு யாருக்கும் தெரியாது. அந்த ஆட்டுக் கூட்டம் அதுக்கு முன்னாடியே கலைஞ்சிருந்தா?

இன்னொரு பக்கம் மீத்தேன். ரூமென் ஆர்க்கியாக்கள் உண்டாக்குற வாயு, மாடு ஏப்பமா விடும். பெரிய மாடு ஒரு நாளைக்கு 250லேர்ந்து 500 லிட்டர் வரைக்கும். பருவநிலைக்குக் கெடுதல். அதைக் குறைக்க பெங்களூருல இருக்கிற தேசிய கால்நடை ஊட்டச்சத்து நிறுவனம் 'ஹரித் தாரா'ன்னு ஒரு தீவனச் சேர்ப்பைக் கொண்டுவந்தது. மீத்தேனை 17லேர்ந்து 20 சதவீதம் வரை குறைக்கும்னு சொன்னாங்க. அதுல என்ன இருக்கு? டானின் நிறைஞ்ச தாவரங்கள். மலையில மாடு தானா தேடித் தின்ற அதே துவர்ப்பு இப்போ பாக்கெட்ல வருது.

எனக்கு இந்த வழக்குல தீர்ப்பு சொல்லத் தெரியாது. ஆனா 'காடா, மாடா'ன்னு மட்டும் கேட்டா அது பாதிக் கேள்விதான். எந்த மலை, எந்த மாசம், எத்தனை மாடு, தடுப்பூசி போட்டதா, வரையாடு எவ்வளவு உயரத்துல இருக்குன்னு கேக்கணும். ஸ்வால்பார்ட்ல மானோட வயித்தைக் கோடையில ஒரு தடவை, குளிர்காலத்துல ஒரு தடவைன்னு எண்ணிப் பார்த்தாங்க இல்லையா? அந்தப் பொறுமை நம்ம அடிவாரத்துக்கும் வேணும்.

முடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. மாட்டுப் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்குப் போவீங்க. மாட்டுக்குப் பொங்கல் ஒரு கை குடுங்க, தப்பில்லை. அண்டாவைக் கவிழ்க்காதீங்க. சோறு, பொங்கல், வாழைப்பழத் தார் எதையாவது அதிகமா தின்னு மாடோ ஆடோ அசைபோடாம படுத்துட்டா, மறுநாள் வரைக்கும் காத்திருக்காதீங்க. 1962க்கு போன் பண்ணுங்க, கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

எங்க அத்தை அதுக்கப்புறமும் ஆடு வளர்த்தாங்க. போன தடவை போனப்போ வேப்பந்தழையை ஒடிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. சோறு மிஞ்சினா என்ன பண்றீங்கன்னு கேட்டேன். "தண்ணி ஊத்தி வெச்சு நானே காலையில குடிச்சிடுவேன்ப்பா. என் வயித்துக்குள்ள இருக்கிற பூச்சிக்கு அது ஒத்துக்கும்"னாங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.